மூத்தவள் பார்த்த இடமெல்லாம்

சின்னவளின் தாடைக்குக் கீழே, இடப்பக்கம், கடுகைவிடச் சிறிதாக ஓர் ஊதாப் புள்ளி இருந்தது. காலைத் தட்டின் மேல் குனிந்து, வாயில் போட்டதை விழுங்காமலேயே ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள் கழுத்தை நிமிர்த்தியபோதுதான் அது மூத்தவளின் கண்ணில் பட்டது. எழுதுகிற பேனாவின் மை இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் தோலில் கோடு போடுகிற மார்க்கரின் ஊதா. சோப்புக்கு மசியாது, ஒரு வாரத்துக்கு அசையாது. அந்த ஊதாவை மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வாள். அவள் வேலையே அந்தப் பேனாவை வைத்துத்தான்.

"என் பையைக் குடைஞ்சியா?"

"உன் பைல குடைய என்ன இருக்கு, சீப்பும் சோகமும்தானே" என்றாள் சின்னவள்.

"தாடைல என்ன அது?"

சின்னவள் புறங்கையால் துடைத்துக் காட்டினாள். "போச்சா?"

போகவில்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்லையேடி. காலங்காத்தால அவ மூஞ்சில என்னத்தத் தேடுற?"

மூத்தவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தாள். சின்னவள் எரியுது எரியுது என்று கத்திக்கொண்டே கையைத் தட்டிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

மூன்று பெண்கள் மட்டும் இருக்கிற வீடு அது. மூன்றாவது மாடி, இரண்டு அறை. அம்மா இருபது வருஷமாக ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை துவைக்கிறவள். அந்த ஈரத்தில் வெந்துபோன விரல்களால் மூத்தவளை உளவியல் படிக்கவைத்தாள். வம்சத்திலேயே பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்த்துக்கொண்ட முதல் ஆள். அந்த இரண்டு எழுத்துக்கு உலகம் கொடுத்தது அழகு அறுவை சிகிச்சை செய்யும் கிளினிக்கில் ஒரு நாற்காலி. கவுன்சிலர் என்று பலகை வைத்திருந்தார்கள்.

சின்னவள் வேறு வார்ப்பு. கல்லூரி ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். அகலமான தோள், சதுரத் தாடை, இரண்டு முறை பந்து பட்டு ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. பந்து மூஞ்சில பட்டா பந்துக்குத்தான் வலிக்கும் என்பாள். பொண்ணுக்கு ஆம்பளத் தாடையா இருக்கே என்று பக்கத்து வீட்டுக்காரி இழுத்தபோது, "நல்லா மென்னு திங்க வசதியா இருக்கு ஆன்ட்டி, உங்களுக்கும் ஒண்ணு சொல்லவா?" என்று கேட்டவள். தன் உடம்பைப் பற்றி அவளிடம் அபிப்பிராயமே இல்லை. பசித்தால் சாப்பிட்டாள், வியர்த்தால் குளித்தாள்.

மூத்தவளுக்கு அபிப்பிராயங்கள் நிறைய. கிளினிக் சார்பில் கல்லூரிகளுக்குப் போய், உங்கள் உடம்பை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு மணி நேரம் உருகுவாள். கடைசித் திரையில் கிளினிக்கின் தொலைபேசி எண் வரும். அது கிளினிக்கை நடத்தும் டாக்டரின் யோசனை. "சும்மா வெறுக்கிறவங்க வீட்ல உக்காந்து அழுவாங்கம்மா. ஏத்துக்கப் பாத்து முடியாமப் போனவங்கதான் நம்மகிட்ட வருவாங்க" என்றார். அதைக் கேட்டு அவளுக்கு வெட்கம் வரவில்லை. சரிதானே என்று தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷத்துக்காக அவளை மன்னிக்க வேண்டியதில்லை.

அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. வட்ட விளக்கு பொருத்திய கண்ணாடி, தொண்டையில் இறங்கும் ஸ்பிரிட் வாசனை, ஏசியின் ஒரே சுருதியிலான முனகல். வந்தவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்துக் கையில் ஊதாப் பேனாவைக் கொடுப்பாள். எங்கெங்க தோணுதோ நீங்களே வச்சுக் காட்டுங்க என்பாள். அப்புறம் பேசமாட்டாள். இரண்டு நிமிஷம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வித்தை அவ்வளவுதான். மூக்குக்காக வந்தவள் மூக்கில் கோடு போடுவாள். அசடு வழியச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைக்காது. பேனா தானாகக் கன்னத்துக்குப் போகும், இமைக்குப் போகும், கழுத்துக்கு இறங்கும். இரண்டு நிமிஷ மௌனத்தைத் தாங்கிய முகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.

புள்ளி தெரிந்த அன்று ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றாள். குரலில் வகுப்பறைக் கண்டிப்பு இருந்தது. பேனா இன்னும் மேஜைமேல்தான் கிடந்தது. ஆனால் ஆசிரியையின் மேலுதட்டுக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியிலிருந்து கசிவதுபோல, ஓர் ஊதாப் புள்ளி மெல்ல மேலே வந்தது.

"இங்க எறும்பு ஏதும் ஊருதா பாருங்களேன். சுருக்குனு இருந்துச்சு."

மூத்தவள் பார்வையைக் காதுமடலுக்கு நகர்த்தினாள். அங்கே ஒன்று வந்தது. ஆசிரியையின் கை காதுக்குப் போனது. கழுத்துக்கு நகர்த்தினாள். கை கழுத்துக்குப் போனது. பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, புது சைக்கிள் கிடைத்த பிள்ளைமாதிரி ஓட்டிப் பார்த்தாள். பேனாவைக் கொடுத்ததும் ஆசிரியை ஒன்றுவிடாமல் அதே இடங்களில் அடையாளம் வைத்தாள். மொத்தம் பதினொன்று. நிமிர்ந்து வந்தவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"பதினொண்ணா?" என்றார் டாக்டர். "உன்ன விட்டா கோயில் செலகூட வந்து அட்மிட் ஆகும்."

பேருந்தில் வீடு திரும்பும்வரை அந்தப் பாராட்டு அவளுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில், இரண்டாவது திருப்பத்தில், கால் நின்றது. காலையில் சின்னவளின் தாடையை முதலில் பார்த்தது புள்ளிக்கு முன்னாலா, பின்னாலா?

சின்னவள் பயிற்சி முடிந்து வந்து, வியர்வை நாறும் சட்டையோடு தரையில் மல்லாந்து கிடந்தாள். புள்ளி நான்காகியிருந்தது. மூத்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது வந்தது. சின்னவள் தாடையைச் சொறிந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டின் சத்தம் குறைந்தது. முதலில் குளியலறைப் பாட்டு நின்றது. அப்புறம் சாப்பிடும்போது கதை சொல்வது நின்றது. சாப்பாட்டு வேளையில் குழாய்ச் சொட்டும் ஃபிரிட்ஜின் உறுமலும் மட்டும் கேட்கலாயின. சின்னவள் தட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். புள்ளிகள் சேர்ந்து விட்டுவிட்டுப் போகும் கோடாகி, தாடை எலும்போடு ஓடி, காதுக்குக் கீழே வளைந்து நின்றன. கத்தி எந்த வழியாகப் போகவேண்டும் என்று டாக்டருக்குச் சொல்கிற கோடு. மூத்தவளுக்கு மட்டும் தெரிகிற கோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் கேட்டாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக.

"அக்கா, என் தாடை ரொம்பப் பெருசோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். போடி லூசு என்று சொல்லியிருக்கலாம். பழகிய வாய் பழகியதைச் சொன்னது. "எப்பிடி இருந்தா என்ன, உன் உடம்ப நீ ஏத்துக்கணும்."

சின்னவள் தாடையைத் தடவினாள். "ஏத்துக்கணும்னா, ஏத்துக்க வேண்டியது ஏதோ இருக்குனுதானே அர்த்தம்? கையக் காட்டி ஏத்துக்கோனு சொல்லலையே. தாடையக் கேட்டதும் சொல்ற."

"நான் அப்பிடிச் சொல்லல."

"சரி. வேற எதெல்லாம் நான் ஏத்துக்கணும்? லிஸ்ட்டக் குடுத்துரு, ஒண்ணாப் படிச்சுக்கிறேன்."

கிண்டல்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. மூத்தவளின் கண் அதற்குள் மூக்குக்குப் போயிருந்தது.

அடுத்த வாரம் சின்னவள் மேட்சுக்குப் போகவில்லை. அணித் தோழிகள் இரண்டு பேர் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துத் திரும்பினார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். மூத்தவள் அவளைப் பார்ப்பதையே நிறுத்தினாள். தரையைப் பார்த்து நடந்தாள். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஆனால் கிளினிக்கில் ஒருத்தியின் புருவத்தைப் பார்த்தபோது, சின்னவளின் புருவம் இதைவிடத் தாழ்ந்தது என்று ஒரு நினைப்பு ஓடியது. அன்று மாலை உள்ளறையிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "அம்மா, புருவத்துக்கிட்ட என்னவோ குத்துது."

அம்மா மூத்தவளைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அவள என்னடி பண்ற?"

"நான் என்னம்மா பண்ணேன்? தொடக்கூட இல்ல."

"இருபது வருஷமா ரத்தக்கறை துவைக்கிறவ நான். எந்தக் கறை எங்கேருந்து வந்துச்சுனு எனக்குத் தெரியாதா? நீ பாக்குறப்பல்லாம் அவ சுருங்குறா." அம்மாவின் குரல் ஏறவில்லை. "மூக்கு மூச்சு விட, வாய் சோறு திங்க. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன்னப் படிக்கவச்சது இதுக்கில்ல. நீ அவளப் பாக்காத."

மறுநாளே ஒரு பெண்கள் விடுதியில் மூத்தவள் இடம் கேட்டுவிட்டாள். போய்விட்டால் சரியாகிவிடும். நினைக்காமலும் இருந்துவிடலாம், பழகினால். அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்கு முன் கிளம்பிவிடலாம் என்று மாலையில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து சின்னவள் கூப்பிட்டாள்.

"அக்கா. உள்ள வா."

விளக்குப் போடவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் மாலை வெயில் அழுகிய பழத்தின் நிறத்தில் தேங்கியிருந்தது. ஸ்பிரிட் நெடி கண்ணை எரித்தது; பாட்டில் கட்டிலடியில் காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றிக் கசங்கிய பஞ்சுகள், எல்லாமே வெள்ளை. கட்டிலிலிருந்து இடைவிடாமல் ஒரு சத்தம் வந்தது. காய்ந்த பஞ்சு தோலை உரசும் சத்தம். மூத்தவள் வாசற்படியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"போறியாமே?"

"கொஞ்ச நாளைக்கு."

"என்னப் பாக்க முடியாமத்தானே."

"இல்லடி."

"கண்ண மூடிட்டு நிக்கிற. அவ்வளவு மோசமா?"

உரசல் நின்றது. துப்பட்டா தரையில் விழும் ஓசை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நீதான் இதப் படிச்சவ. என் மூஞ்சில தொட வேண்டாத இடம் ஒண்ணு. ஒண்ணு போதும்க்கா. நாளைக்கே மேட்சுக்குப் போறேன்."

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

"பாத்துச் சொல்லு."

பார்க்காமல் போனால் அதுவே பதில். மூத்தவள் கண்ணைத் திறந்தாள்.

தாடை முழுக்கக் கோடு. மூக்கில் கோடு. கன்னத்தில், நெற்றியில், உதட்டோரத்தில், அவள் பார்த்த இடமெல்லாம், நினைத்த இடமெல்லாம் கோடு. ஒன்று வேண்டும். ஒரே ஒன்று. தேடினாள். அன்போடுதான் தேடினாள்.

கண். கண்கள் சுத்தமாக இருந்தன. அம்மாவின் கண்கள். கண்ணு என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தாள்.

இடது இமை. வலதைவிட ஒரு நூல் இறங்கி இருந்தது.

திறந்த வாயை மூடினாள்.

சின்னவள் காத்திருந்தாள். கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஒரு நிமிஷம்.

இமையில் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. கோடு கிளம்பியது. நெற்றிப் பொட்டுக்கு ஏறியது. முடி தொடங்கும் இடத்தோடு போனது. வலது காதுக்கு முன்னால் இறங்கியது. எந்த ஆபரேஷனுக்கும் இப்படி ஒரு கோடு கிடையாது. மோவாய்க்கு அடியில் சுற்றியது. இடது காது. மறுபடி மேலே.

சொல்லு. ஏதாவது சொல்லு.

இரண்டு நிமிஷம்.

முனைகள் சேர்ந்தன. ஒட்டிய பிளாஸ்திரி பிரிவதுபோல் மெல்லிய சத்தம். சின்னவளின் விரல் அந்த இடத்துக்குப் போனது. தடவியது. ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்தது.

"ஓ" என்றாள். "இங்கேருந்தா."

நகத்தை உள்ளே விட்டாள். ரத்தம் வரவில்லை. தூக்கினாள். நெற்றி வந்தது. சாய்ந்த மூக்கு வந்தது. பொறுமையாக, மோவாய்வரை, கிழியாமல் எடுத்தாள். எடுத்ததை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். அதிலிருந்த உதடு அசைந்தது.

"இது போச்சுக்கா. இப்பச் சொல்லு."

அதற்குப் பின்னால், முகம் இருந்த இடத்தில், வழவழப்பாக, ஈரமாக, எந்தக் கோடும் இல்லாத ஒன்று அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. கண்ணை மூடு என்று மூத்தவள் தனக்குள் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கண்கள் மூடவில்லை. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.