புளியங்கொட்டைத் தராசு

நான்காம் வகுப்பில் யார் என்ன செய்து கொண்டுவந்தாலும், கடைசியில் டீச்சர் மேசைக்குப் போவது எழிலரசி செய்ததுதான். களிமண் மாங்காய்க்கும் அப்படித்தான். காலண்டர் அட்டைக் கடிகாரத்துக்கும் அப்படித்தான்.

இந்த வாரம் எடைப் பாடம்.

"வீட்ல இருக்கிற பொருளை வச்சு ஆளுக்கு ஒரு தராசு செஞ்சுட்டு வாங்க," என்று ஆக்னஸ் டீச்சர் சொல்லியிருந்தார். எடைக்கல்லுக்குப் பதில் புளியங்கொட்டை.

எழிலரசி ஒரு ஹேங்கரில் இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தொங்கவிட்டு, ஜிகினாப் பேப்பர் ஒட்டிக் கொண்டுவந்தாள். பளபளவென்று இருந்தது. ஆனால் ஒரு கொட்டாங்குச்சி பெரிது, மற்றது சிறிது.

"இன்னா எழிலு, ஒண்ணுமே வெக்காமயே சாயுது?" என்றான் ஜெகதீஷ். வகுப்பே சிரித்தது.

மோகனப்பிரியாவின் தராசில் ஜிகினா கிடையாது. அளவுகோல் போல ஒரு மரப்பட்டை, இரண்டு ஐஸ்கிரீம் கப், நடுவில் ஒரு நூல். அவ்வளவுதான். அவள் ஜூன் மாதம்தான் மதுரையிலிருந்து சென்னையை ஒட்டிய நூம்பலுக்கு வந்து, இந்தப் பள்ளியில் சேர்ந்தவள்.

"இங்கிட்டு அழிரப்பர், அங்கிட்டு புளியங்கொட்டை," என்றபடி ஒவ்வொன்றாகப் போட்டாள்.

'இங்கிட்டு' என்றதும் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். தராசு மெல்ல மெல்ல நிமிர்ந்து, நேராக நின்றது.

"அழிரப்பர் பதினோரு கொட்டை!"

எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் அந்தத் தராசைத் தம் மேசைக்கு அருகே ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். "நாளைக்குப் பெற்றோர் கூட்டம். வர்றவங்களுக்கு மோகனப்பிரியா எடை போட்டுக் காட்டுவா."

எழிலரசிக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவள்! ஒரு ஜிகினா இல்லை, ஒரு பூ இல்லை. இதற்கா கைதட்டல்?

அன்று மதியச் சாப்பாட்டில் முட்டை. அதுகூட அவளுக்கு இறங்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டு வகுப்புக்கு வந்தாள். யாரும் இல்லை. தராசு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நடுவில் இருந்த நூல் முடிச்சை விரலால் தள்ளினாள். ஒரு விரல் அகலம்தான். பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எழிலரசி வெளியே ஓடிவிட்டாள்.

மணி அடித்ததும் டீச்சர், "எங்கே, இந்தச் சாக்பீஸ் எத்தனை கொட்டைன்னு பார்ப்போமா?" என்றார்.

மோகனப்பிரியா தராசுக்கு அருகே போய் அப்படியே நின்றுவிட்டாள்.

"காலையில நேரா இருந்துச்சு டீச்சர்..."

"இதுவும் எழிலு தராசு மாதிரியே ஆயிட்ச்சு!" என்றான் ஜெகதீஷ். மறுபடியும் சிரிப்பு.

எழிலரசியும் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

விளையாட்டு நேரத்தில் எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். மோகனப்பிரியா மட்டும் வகுப்பில் உட்கார்ந்து, கப்புகளை அவிழ்ப்பதும் மாற்றிக் கட்டுவதுமாக இருந்தாள். எழிலரசி வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் வாசல் வரை போனாள்.

"எழில், கொஞ்சம் இங்கிட்டு வாயேன்," என்று கூப்பிட்டாள் மோகனப்பிரியா. "எனக்கு என்னன்னே புரியல. நீதான் எல்லாம் அழகா செய்வன்னு சொல்றாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழிலரசிக்குக் காது சூடானது.

"கப்புல ஒண்ணும் இல்ல," என்றாள் தரையைப் பார்த்தபடி. "நூலுதான் நகந்து கீது."

"அதெப்படி நகரும்? நான் இறுக்கித்தான கட்டினேன்?"

"நான்தான் நகத்தினேன்."

மோகனப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"அது... என் இடம். எப்பவும் என்னுதுதான் அங்க இருக்கும்."

மோகனப்பிரியாவின் கண்கள் நிறைந்துவிட்டன. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "டீச்சர்ட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

ஆசிரியர் அறை பத்தே அடிதான். எழிலரசிக்கு அது பூந்தமல்லி வரை நடப்பது போல இருந்தது.

ஆக்னஸ் டீச்சர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"அழுதுட்டா டீச்சர்."

"அப்ப இங்க ஏன் நிக்கிற? போய்ச் சரிபண்ணிக் குடு. நாளைக்கு வகுப்புலயும் நீயே சொல்லணும்."

எழிலரசி ஓடினாள். மோகனப்பிரியா பட்டையைப் பிடித்துக்கொள்ள, இவள் முடிச்சை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். தராசு நேரானதும் முடிச்சின் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்தாள்.

"இனிமே யாராலயும் நகத்த முடியாது," என்றாள்.

"உன்னாலயுமா?" என்று கேட்டாள் மோகனப்பிரியா. அவள் சிரிக்கவில்லை.

"என்னாலயும்தான்."

மறுநாள் காலையில் எழிலரசி வகுப்பின் முன் நின்று சொன்னாள். ஜெகதீஷ்கூடச் சிரிக்கவில்லை. பதினொரு மணிக்குப் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். ஒருவர் சாவியைக் கொடுத்தார், ஒருவர் தக்காளியைக் கொடுத்தார். "கெட்டிக்காரப் பொண்ணு!" என்று ஒரு அம்மா மோகனப்பிரியாவின் கன்னத்தைத் தட்டினார். ஓரமாக நின்ற எழிலரசிக்கு மறுபடியும் சுருக்கென்றது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. மோகனப்பிரியா ஒரு கையால் பொருளை வைத்து, மறு கையால் கொட்டைகளைப் போட்டு, எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திணறினாள்.

"எழில்! சும்மாவா நிக்கிற? வந்து கொட்டைய எண்ணு!"

எழிலரசி ஒரே தாவலில் வந்தாள்.

அப்போது தலைமையாசிரியர் சம்பத் உள்ளே வந்தார். "என்ன, எதைக் கொடுத்தாலும் எடை போடுவியாம்மா?"

"கப்புல அடங்கினாப் போதும் சார்," என்றாள் மோகனப்பிரியா. "நாங்க போடுவோம்."

நாங்க! எழிலரசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். மோகனப்பிரியா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கப்பில் வைத்தார். எழிலரசி கொட்டைகளைப் போடப் போட, தராசு நிமிர்ந்தது. அவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். கண்களை இடுக்கிக்கொண்டார்.

"நேராயிடுச்சாம்மா? கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"நேராயிடுச்சு சார்! முப்பத்தொண்ணு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.