கடைசியாக வருபவர் கதவைச் சாத்தவும்

மாமாவை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் கடைசி ஆளாகத்தான் வந்து சேருவார். நடை தளர்ந்த மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். என் மனைவியின் அப்பா, அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை முழுதாகப் படித்து, இரண்டு குற்றமாவது கண்டுபிடிக்காமல் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். மருந்து அட்டை, கடைப் பலகை, பேருந்துச் சீட்டின் பின்பக்கம், எதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கடைசி பஸ்'.

காட்சிக்குத் திறந்து வைத்திருந்த ஒரு வணிகரின் பழைய வீட்டைப் பார்க்கப் போகலாம் என்று ஆரம்பித்தது என் மனைவிதான். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு மாமா எங்களோடு வந்து தங்கியிருந்தார். வாசலைத் தாண்டுவதே இல்லை. கொஞ்சம் வெளியே நடமாடச் சொல்லுங்கள் என்று இதய மருத்துவர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு மாத்திரை உண்டு. உடனே வைத்தாக வேண்டும். அவரிடம் கொடுத்தால் எங்காவது மறந்து வைத்துவிடுவார் என்பதால் அது எப்போதும் அவளுடைய கைப்பையில்தான் இருக்கும்.

"நான் வீட்டைச் சுத்திக் காட்டற அம்மா சொல்றதைக் கேட்டுக்கிட்டு முன்னாடி போறேன். நீங்க அப்பாவைப் பாத்துக்கோங்க," என்றாள் படியேறும்போது.

"எங்க ஓடிப் போயிடப் போறாரு? அவரு வர்ற வேகத்துக்கு வீடே நடந்து வந்தாத்தான் உண்டு," என்றேன்.

மாமாவும் சிரித்தார்.

அன்று நல்ல மழை. பார்வையாளர்களுக்கான கடைசிச் சுற்று. எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் வரவில்லை. வழிகாட்டிப் பெண் கையில் ஒரு சாவிக்கொத்தும் டார்ச்சும் வைத்திருந்தாள். எங்களை முன்கூடத்துக்குள் விட்டதும் தெருக்கதவை உள்ளிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு சின்ன உதவி பண்ணணும்," என்றாள். "இந்த வீட்டுச் சுவர் ஓவியத்துக்கு ஈரக்காத்து ஆகாது. பின்னாடி கதவை மூடின பிறகுதான் முன்னாடி கதவைத் திறக்கணும். வழக்கமா பின்னாடி ஒருத்தர் வருவாரு, இன்னைக்கு லீவு. அதனால உங்கள்ல கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு வந்துடுங்க. வெறுமனே சாத்தினா போதும். தாழ்ப்பாளைத் தொடாதீங்க, ரொம்பப் பழசு."

நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் மாமாவைப் பார்த்தோம். அவர் ஏற்கனவே சுவரில் மாட்டியிருந்த பெரிய வரலாற்றுப் பலகையின் முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொருத்தமான ஆள்தான்," என்றாள் அவள்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும். கதவு மூடிய சத்தம் கேட்டால் எல்லாரும் உள்ளே வந்தாயிற்று என்று பொருள். என் காது அப்படியே பழகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டபின் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை.

அந்த வீட்டில் அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, ரயில் பெட்டிகள் மாதிரி நீளமாகப் போயின. நாங்கள் கணக்குப்பிள்ளை அறைக்குள் நுழைந்தோம். சன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. பழைய மரமும் கற்பூரமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை. டார்ச் வெளிச்சம் விழுந்த இடம் மட்டும் தெரிந்தது.

பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வழிகாட்டி அடுத்த கதவைத் திறந்தாள்.

அடுத்தது சாப்பாட்டு அறை. நீண்ட மேசையைச் சுற்றி நாற்காலிகள் காத்துக்கொண்டிருந்தன. அங்கே நின்றுதான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள்.

"அந்தக் காலத்துல இவங்களுக்குத் திருட்டு பயம் ஜாஸ்தி. இருட்டினதும் வீட்டு ஆளுங்க எல்லாரும் முன்கூடத்துல இருந்து அறை அறையா உள்ளே வருவாங்க. கடைசியா வந்து ஒவ்வொரு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போடறது மூத்த மருமகளோட வேலை. பெரியவர் உள்ளே இருந்து, 'எல்லாரும் வந்தாச்சாம்மா?'ன்னு கேப்பாராம். 'வந்தாச்சு மாமா'ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுத் தாழ்ப்பாளைப் போடும். தினமும் இதே பேச்சுதான்."

"நல்ல ஏற்பாடு," என்றேன்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தம். இரும்பு இரும்போடு உரசி, வழுக்கி, நின்றது.

"மாமா, தாழ்ப்பாள் வேண்டாமாம்," என்றேன், திரும்பாமலேயே.

பதில் வரவில்லை. மேசை மேலிருந்த எதையாவது படிக்க ஆரம்பித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு நாள் முன்கூடத்துல விளக்கு சாஞ்சு தீப்பிடிச்சிருச்சு," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் உள்ளே ஓடி வந்துட்டாங்க. பெரியவர் மட்டும் எதையோ எடுக்கணும்னு அங்கேயே நின்னுட்டாரு. மருமக கதவுகிட்ட நின்னு, 'சீக்கிரம் வாங்க மாமா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. புகை உள்ளே வர ஆரம்பிச்சதும் எல்லாரும் பின்னாடி இருந்து 'சாத்து, சாத்து'ன்னு கத்தியிருக்காங்க."

"சாத்திட்டாங்களா?" என்றாள் என் மனைவி.

"சாத்திட்டாங்க. அவரு ரொம்ப நேரம் தட்டினாராம்."

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. காசு கொடுத்து இதையெல்லாம் எதற்குக் கேட்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று அடுத்த அறைக்கு நானே முதலில் நடந்தேன். தையல் அறை. அதற்கப்புறம் படுக்கையறை. ஒவ்வொரு முறையும் பின்னால் கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள் விழுந்தது. சொன்னால் கேட்கிற மனிதரா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

படுக்கையறைதான் கடைசி. அங்கே வந்ததும் வழிகாட்டி ஒரு சன்னலை மட்டும் திறந்தாள். மழைக்கால வெளிச்சம் சாம்பல் நிறத்தில் உள்ளே வந்தது.

வழிகாட்டி நின்றிருந்தாள். என் மனைவி நின்றிருந்தாள். நான் நின்றிருந்தேன்.

"அப்பா எங்கே?"

நான் கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருந்தது.

எனக்கு விஷயம் புரிய ஒரு கணம் பிடித்தது. வெளிப்பக்கம் நிற்கிறவரால் அதைப் போட முடியாது. அதைப் போட்ட கை, எங்களோடு இந்த அறைக்குள் வந்த கை.

"இதை யாரு போட்டது?" என்று வழிகாட்டி கிசுகிசுத்தாள்.

நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

என் மனைவிக்கு இதெல்லாம் ஒன்றும் காதில் விழவில்லை. அவள் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துகொண்டு ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். தையல் அறையில் அவர் இல்லை. அதற்கு அடுத்த கதவிலும் தாழ்ப்பாள், எங்கள் பக்கம். திறந்தோம். சாப்பாட்டு அறையில் நாற்காலிகள் அப்படியே இருந்தன. அங்கும் அவர் இல்லை. மறுபடியும் தாழ்ப்பாள். கணக்குப்பிள்ளை அறை.

அங்கே வந்தபோதுதான் அது கேட்டது.

தட்டும் சத்தம்.

முன்கூடத்துக் கதவின் அந்தப் பக்கமிருந்து வந்தது. பலமாக இல்லை. உள்ளங்கையால் மெதுவாக, நின்று நின்று.

"அப்பா!"

தட்டுவது நின்றது. "அம்மாடி..." என்று ஒரு குரல், கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. தரையில் விழுந்து கிடக்கிறார். "நெஞ்சு..."

நான் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். துருப்பிடித்து இறுகியதற்கும் எதிர்ப்பக்கம் ஒருவர் இழுப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான். பாழாய்ப்போன கதவுகளோடுதான் என் பிழைப்பே. நான் இழுக்கும்போது அது பதிலுக்கு இழுத்தது. நான் விட்டால் அதுவும் தளர்ந்தது.

என் விரல்களுக்கு மேல் ஏதோ ஜில்லென்று அழுத்திக்கொண்டிருந்தது.

புகை வாசனை வந்தது. கண் எரிந்தது. வழிகாட்டி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"விடுங்க, நான் பாக்கறேன்," என்று என் மனைவி என்னைத் தள்ளினாள். தாழ்ப்பாள் மேல் கை வைத்தாள். பிறகு, யாரோ பக்கத்தில் நிற்பது போல, அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இது உங்க மாமா இல்லம்மா. எங்க அப்பா. இங்க தீ எதுவும் இல்ல. விட்டுடுங்க."

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சரி, தீ இருக்கட்டும். இருந்தாலும் பரவாயில்ல. நான் உள்ளே போறேன். எங்கப்பா தனியா இருக்காரு. திறங்க."

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

மாமா கதவடியில் சாய்ந்து கிடந்தார். முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. மாத்திரையை அவள் அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். நான் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. மெல்ல மெல்ல அவர் மூச்சு சீரானது. முன்கூடத்தில் தீயும் இல்லை, புகையும் இல்லை. கதவின் அந்தப் பக்கம் மட்டும் கீழிருந்து மேலாகக் கரிந்து, அந்தக் கரியின் மேல் எப்போதோ மெருகு பூசிக் கிடந்தது. அப்படியும் அவருடைய உள்ளங்கை இரண்டும் கரி படிந்து கறுப்பாக இருந்தன.

"அந்தப் பொண்ணு யாரு?" என்றார் மெல்ல.

"எந்தப் பொண்ணுப்பா?"

"இங்க கதவுகிட்ட நின்னுச்சே. சீக்கிரம் வாங்கன்னு கையைக் கையைக் காட்டிச்சு. இந்தக் கடைசி வரியை முடிச்சுட்டு வரேம்மான்னேன். அழுதுக்கிட்டே சாத்திடுச்சு."

வழிகாட்டி தெருக்கதவைத் திறந்தாள். பழக்கதோஷத்தில், "கடைசியா வர்றவங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கடைசி ஆளாக இருக்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் இடித்துக்கொண்டு வெளியே வந்தோம். பின்னால் அந்த வீட்டுக்குள் எந்தக் கதவும் சாத்திக்கொள்ளவில்லை. தெருவில் நின்று நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். எல்லாம் திறந்தே கிடந்தன. அப்பாடா, விட்டது சனியன் என்று நினைத்தேன்.

மருத்துவர் மாமாவைப் பரிசோதித்துவிட்டுச் சரியான நேரத்தில் மாத்திரை கொடுத்தீர்கள் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று சொல்ல ஆரம்பித்தவரை என் மனைவி கையமர்த்திவிட்டாள். வண்டியில் வரும்போது ஒரு முடிவு செய்துகொண்டேன். இனிமேல் எங்கே போனாலும் மாமா முன்னால், நான்தான் கடைசி. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "கடைசி பஸ்ஸுக்கு டிரைவர் மாத்தியாச்சா?" என்று சிரித்தார்.

எங்கள் குடியிருப்பின் மாடியில் லிஃப்ட் நின்றது. மாமா முதலில் இறங்கினார். என் மனைவி அவர் தோளைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். லிஃப்ட் கதவு முழுதாக மூடாமல் துடித்துக்கொண்டிருந்தது. என் தொழில் புத்தி போகுமா? குனிந்து கதவின் தடத்தில் சிக்கியிருந்த காகிதத்தை எடுத்தேன்.

நிமிர்ந்தபோது எங்கள் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது.

"இரு, நான் இன்னும் வரல," என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இரும்பு இரும்போடு உரசி, வழுக்கி, நின்றது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் புதியது. அதற்கு அப்படி ஒரு சத்தமே கிடையாது.

கதவில் கை வைத்தேன். எனக்குப் பின்னால், மாடிப்படி பக்கமிருந்து, லேசாகப் புகை வாசனை வந்தது.

தட்டினேன். உள்ளே தூரத்தில், குளியலறையில், என் மனைவி தண்ணீரைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பிறகு கூடத்திலிருந்து மாமாவின் குரல். அந்தச் சாப்பாட்டு அறைக் கதையை அவர் கேட்கவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

"எல்லாரும் வந்தாச்சாம்மா?" என்றார்.

எங்கள் வீட்டில் அவரை 'மாமா' என்று கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். நான் வெளியே நின்றிருந்தேன்.

கதவுக்கு மிக அருகில், என் கைக்கு நேர் எதிரே, ஒரு பெண் சொன்னாள்:

"வந்தாச்சு மாமா."