கரண்ட் இல்லாத நேரத்துப் படங்கள்

மத்தியானம் கரண்ட் போயிருந்த நேரத்துக்கும் படங்கள் இருந்தன.

சூர்யகலா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் அந்த வருஷம் கரண்ட் இருந்தால்தான் அதிசயம். அவளுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. வேலை கொடுத்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் யாரையும் லேசில் நம்புகிற ஆட்கள் இல்லை. உட்கார்ந்து வேலை பார்த்ததற்குச் சாட்சியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கைக்குழந்தைக்காரி டைப் அடிப்பாளா, படம் பிடித்துக்கொண்டிருப்பாளா? விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் வெற்றிச்செல்வன் அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, அவளே நோட்பேடில் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டாள். திரையில் இருப்பதைப் படம் எடு, நேரத்தையே அதற்குப் பெயராக வை, ஐந்து நிமிடம் காத்திரு, மறுபடி எடு. அவ்வளவுதான் அதன் வேலை.

கைக்கு வேலை குறைந்ததும் காலுக்கு ஒன்று வைத்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் உத்தரத்தில் கட்டிய தூளியில் திருஷ்டிக்குக் கறுப்பு வளையல் போட்ட எட்டு மாதத்துத் துர்கா தூங்குவாள். தூளியின் ஓரத்தில் ஒரு கயிறு, அதன் மறுமுனை சூர்யகலாவின் கால் கட்டைவிரலில். டைப் அடித்துக்கொண்டே ஆட்டலாம். கரண்ட் போனால் பாயில் சாய்ந்தபடியும் ஆட்டலாம். கண் அசந்து விழிக்கும்போதெல்லாம் தூளி ஆடிக்கொண்டுதான் இருக்கும், உத்தரம் கிரீச் கிரீச்சென்று முனகிக்கொண்டிருக்கும். தூக்கத்திலும் தன் கால் வேலை செய்கிறதென்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கரண்ட் இல்லாத நேரத்துலயும் அது படம் எடுத்துக்கினு இருக்குதுண்ணா. எல்லாம் கறுப்பா இருக்கு."

"கடிகாரம் பேஜாரு பண்ணுதும்மா. உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது போயிருக்கும். ஞாயித்துக்கெழம வந்து மாத்தித் தர்றேன்."

சரியென்று வைத்துவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சும்மா பார்ப்போமே என்று ஒரு கறுப்புப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பலுக்குள் கோடுகள் தெரிந்தன. ஜன்னல், பாய், தூளி.

அது அவளுடைய அறை. அணைந்து கிடக்கும் திரையில் எதிரே இருப்பது மங்கலாகத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது.

படத்தில் அவள் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கால் விரலிலிருந்து கயிறு கழன்று தரையில் சுருண்டு கிடந்தது. தூளி மட்டும் ஒரு பக்கமாக ஏறி நின்றது. அதன் அருகே ஓர் உருவம், தலை உத்தரத்தில் இடிக்கும் என்பதுபோல் குனிந்து நின்றது. அதன் கை தூளியின் மேல் இருந்தது. கை மிகவும் நீளம்.

அடுத்த படம். அதே கை. அதற்கடுத்தது. முகம் மட்டும் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் யார் ஆட்டிய தூளியில் என் பிள்ளை தூங்கினாள்? கணவனைக் கூப்பிட்டாள். கண்டமங்கலம் பக்கத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்டு முடியும்வரை போனெல்லாம் லாக்கரில் கிடக்கும் என்பது தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பிறகு ஸ்கிரிப்டை அழித்தாள், படங்களையும் அழித்தாள், அழிப்பதைத் தவிர வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று.

விளக்கு வைக்கும் நேரம். மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் மல்லாட்டைக் கடலை அவிக்கும் வாசனை இருட்டோடு சேர்ந்து உள்ளே வந்தது. தெருவில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்து அடங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் மட்டும்.

கிரீச். கிரீச்.

அவள் காலை அசைக்கவில்லை. கயிறு தளர்ந்து கிடந்தது.

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு இருட்டுக்குள் பாய்ந்தாள். எப்போதும் துர்காவைத் தூளியிலிருந்து எடுப்பது பெரும்பாடு. துணியில் சுற்றிக்கொண்டு சிணுங்குவாள். இன்று சிக்காமல், யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல், கைக்குள் வந்துவிட்டாள். தோளில் போட்டு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டு செண்பகம் வாசற்படியில் விசிறிக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, இப்டி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லக்கா. உள்ள ஒரே புழுக்கம்."

கரண்ட் வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். சூர்யகலா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். என் தங்கம் என்னிடம் இருக்கிறது, இனி எது வந்தால் என்ன என்று நெஞ்சு மெல்ல அடங்கியது.

தெருவிளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். செண்பகம் எழுந்தாள்.

"பாப்பா இன்னிக்கு சத்தமே காணோமே."

"தூங்குதுக்கா."

"எங்க தூங்குது? கண்ணத் தொறந்துக்கினு என்னையே பாத்துக்கினு இருக்குது." சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

செல்போன் உள்ளே இருந்தது. எடுத்துக்கொண்டு உடனே வந்துவிடலாம் என்று சூர்யகலா வாசலைத் தாண்டினாள்.

கம்ப்யூட்டர் தானாக எழுந்திருந்தது. திரை நிறைய ஒரு படம். வெளிச்சம் கூட்டத் தேவையில்லாமல் பளிச்சென்று தெரிந்தது.

அதில் அவள் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். எதிரே அது குனிந்து நின்றது. சிறியதாக எதையோ அவள் கைகளில் வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் பின்னால் தூளி. தூளியின் விளிம்பில் ஒரு குட்டிக் கை, கறுப்பு வளையலோடு.

வீல்.

பசிக்கு அழும் அழுகை. துர்காவின் அழுகை.

திரும்பினாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. கனத்து, தாழ்ந்து. விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள். கறுப்பு வளையல். அழுகை.

ஓட வேண்டும். எடுக்க வேண்டும்.

தோளில் கிடந்தது தலையைத் தூக்கவில்லை. கன்னம் சில்லென்று அவள் கழுத்தில் பதிந்திருந்தது. வளையல் இல்லாத ஒரு சின்னக் கை அவள் கழுத்தை மெல்லக் கட்டிக்கொண்டது. பிடரியைச் சுற்றி, மறு தோள் தாண்டி, தொண்டைக்கு முன்னால் வந்து, இன்னும் நீண்டுகொண்டே போயிற்று.