கொடும்பாவிக்குள் ஓர் இருமல்

கொடும்பாவி இருமியது!

தள்ளுவண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த தையல்காரி அப்படியே நின்றாள்.

பத்தடி நீள அமைச்சர். கோணிச் சாக்கில் உடம்பு, அட்டையில் தலை. காலையில் அவள் கையால் செய்தது. உள்ளே வெறும் வைக்கோல்.

வைக்கோல் இருமுமா?

மறுபடியும்... ‘க்ஹும்... க்ஹும்...’

பத்து வருடமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்கிற இருமல்!

அவள் கணவன், தெருப்பாடகன். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் என்பதால் எல்லோருக்கும் அவன் ‘மைக்’. அவன் பாட்டுக்கு அரசு போட்ட தடையை எதிர்த்துத்தான் இந்த ஊர்வலமே. ஆனால் காலையிலிருந்து ஆளைக் காணோம்! அவள் அவனைத் தேடப் போயிருந்த நேரத்தில், விலாப்பக்கம் திறந்து கிடந்த கொடும்பாவியை யாரோ தைத்து, வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

முன்னால் ஓடினாள். போராட்டக் குழுத் தலைவர் தீப்பந்தத்தோடு கேமராக்களுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே! கொளுத்தாதீங்க! உள்ள என் வீட்டுக்காரரு இருக்காரு!”

“என்னம்மா உளர்றே?”

“இருமல் கேட்டுச்சுண்ணே!”

“புருஷனைக் காணோம்னு உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. போய்த் தண்ணி குடி, போ!”

ஓரமாக நின்ற இன்ஸ்பெக்டரிடம் பாய்ந்தாள்.

“என் புருஷனைக் கட்டி உள்ள போட்டது நீங்கதானே?”

“நல்லா இருக்கே கதை! ஆளைப் பிடிச்சா ஜீப்ல ஏத்துவோம்... வைக்கோலுக்குள்ளயா ஒளிச்சு வைப்போம்?”

“அப்போ யாரு ஸார்?”

“எனக்கென்னம்மா தெரியும்?”

வண்டி சதுக்கத்தில் நின்றது. கோஷம் காதைக் கிழித்தது. தீப்பந்தம் எரிந்தது!

யோசிக்க நேரமில்லை. தாவி ஏறினாள். கொடும்பாவி மேல் விழுந்து கட்டிக்கொண்டாள்.

“இழுத்துப் போடுங்கய்யா அவளை!” தலைவர் அலறினார். “காசு வாங்கிட்டா! அரசாங்கத்துக் கைக்கூலி!”

நாலு கைகள் அவள் காலைப் பிடித்தன. உதைத்தாள். இடுப்பிலிருந்து கத்தரியை உருவினாள். விலாப்பக்கத் தையலைத் தேடியவள்... திகைத்தாள்.

முடிச்சு எங்கே?

சாக்கு தைக்கிறவர்கள் முடிச்சை வெளியேதான் போடுவார்கள். இதில் வெளியே ஒரு முடிச்சுகூட இல்லை.

அப்படியென்றால்... தைத்த கை உள்ளே இருக்கிறது!

கரகரவென்று வெட்டினாள்.

வைக்கோலோடு சேர்ந்து உருண்டு விழுந்தான் மைக். தாடியெல்லாம் தூசி. கையில் கோணி ஊசி!

இழுத்த கைகள் தாமாக விலகின.

“யோவ்... நீயேவா தைச்சுக்கிட்டே?” அவனை உலுக்கினாள்.

“என்னை விட்டுடு.” அவன் குரல் உடைந்தது. “பாட முடியாம நான் எதுக்கு? ஒருத்தன் எரிஞ்சாத்தான் தடையை எடுப்பாங்களாம்...”

“யாருய்யா சொன்னது?”

மைக் தலைகுனிந்தான். ஆனால் கண்கள் ஒரு நொடி தலைவர் பக்கம் போய்த் திரும்பின.

“அபாண்டம்!” தலைவர் பக்கத்தில் நின்ற தன் வேனை நோக்கிப் பின்வாங்கினார். “எனக்கு ஒண்ணுமே தெரியாது!”

அவசரமாக வேன் கதவைத் திறந்தார்... சுருட்டி வைத்திருந்த பேனர் ஒன்று உருண்டு வந்து நடுத்தெருவில் விரிந்தது.

மைக்கின் சிரித்த முகம். கீழே, இன்றைய தேதியோடு... ‘தியாகிக்கு வீரவணக்கம்’!

பக்கத்தில் அதைவிடப் பெரிதாகத் தலைவரின் முகம்.

இன்ஸ்பெக்டர் தலைவரின் தோளில் கை வைத்தார்.

“அச்சடிச்சே வச்சுட்டீங்களா? வாங்க, பேசுவோம்.”

தையல்காரி கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அழுதாள், அறைந்தாள், மறுபடி அழுதாள்.

“எரிஞ்சு போனா பாட்டை யாருய்யா பாடுவா? அமைச்சரா வந்து பாடுவாரு? இப்பப் பாடு!”

“தடை...”

“பாடுய்யா!”

இருமினான். முதல் வரி கீச்சென்று வந்தது. இரண்டாவது வரியை அவன் தனியாகப் பாடவில்லை. சதுக்கமே பாடியது!

கான்ஸ்டபிள் ஓடி வந்தார்.

“ஸார்! தடை பண்ணின பாட்டு! இத்தனை பேர்ல யாரைப் பிடிக்கிறது?”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“முதல்ல நீ தாளம் போடறதை நிறுத்துய்யா!”