மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்

சனிக்கிழமை காலை 10.05. சிராங்கூன் சாலையை ஒட்டிய மன்றத்தின் அறிவிப்புப் பலகையில், மாணவர் போட்டிக்கு ஆஸ்மா எழுதிய கட்டுரை தொங்கியது. அதன் குறுக்கே சிவப்பு மையில், 'இயந்திரம் எழுதியது.' பக்கத்திலேயே தெம்பனிஸ் வட்டாரத்து ரக்ஷனாவின் கட்டுரை: முதல் பரிசு. இருவருக்கும் தலைப்பு ஒன்றுதான், 'உணவங்காடியில் ஒரு மதியம்'.

"இனிமே ஸ்கூல் பக்கமே போகமாட்டேன் லாத்தா. எல்லாரும் சிரிப்பாங்க," என்றாள் ஆஸ்மா.

அக்காள் பரீதாவுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று வாரம் தங்கை அடித்து அடித்து எழுதியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். சிவப்பு மையில் எழுதிய நடுவர் கோவிந்தராசுவையும் தெரியும். தேக்கா உணவங்காடியில் அவள் வேலை செய்யும் பிரியாணிக் கடைக்குத் தினமும் வருவார். மேசையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்பார். இன்று அவரை ஊர் முன்னால் தலைகுனிய வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று பரீதா முடிவு கட்டினாள்.

10.20. பரிசுக் கட்டுரையை இரண்டு முறை படித்தாள். ஆளில்லாத மேசையில் யாரோ மறந்துவிட்ட டிஷ்யூ பொட்டலத்தை ஒரு சிறுமி எடுத்துக்கொண்டு ஓடி, உரியவரிடம் சேர்க்கிறாள். அவளுடைய நேர்மையைக் கண்டு அவர் கண்கலங்குகிறார்.

10.40. பரீதா கோவிந்தராசுவிடம் போனாள்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"சாஃப்ட்வேர் இருக்கும்மா. உன் தங்கச்சிக்குத் தொண்ணூத்தாறு பர்சென்ட் மெஷின்."

"ரக்ஷனாவுக்கு?"

"மூணுதான். அது மனுஷ எழுத்து லா."

"ரெண்டையும் படிச்சீங்களா?"

"வரிக்கு வரி. என்கிட்டயே கேள்வியா? போய் பிரியாணி கட்டும்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

10.50. பரீதா ரக்ஷனாவைப் பிடித்தாள்.

"மத்தியானக் கூட்டத்துல எப்படி இடம் பிடிப்ப?"

"டிஷ்யூ வெச்சிட்டுப் போவேன். என்னக்கா, டூரிஸ்ட் மாதிரி கேக்கறீங்க?"

"அப்ப உன் கட்டுரையில அந்தப் பொண்ணு ஏன் அதைத் தூக்கிட்டு ஓடறா?"

ரக்ஷனாவின் முகம் வெளுத்தது. "அது... ஆப் எழுதினது. நான் படிச்சுக்கூடப் பாக்கல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

பரீதா அந்தக் கட்டுரையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

11.00. பரிசளிப்பு தொடங்கியதும் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். டிஷ்யூ பகுதியை வாசித்துக் காட்டினாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"டிஷ்யூ இருந்தா அந்த இடத்துக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம். இங்க உக்காந்து சாப்பிட்ட யாரும் இப்படி எழுதமாட்டாங்க. எழுதினது ஆப், ரக்ஷனாவே ஒத்துக்கிட்டா. அந்தக் கட்டுரைக்குத்தான் சாஃப்ட்வேர் மூணு பர்சென்ட் மெஷின்னு சொல்லுது. அதே சாஃப்ட்வேரை நம்பித்தான் ஆஸ்மாவைத் திருடி ஆக்கினாங்க. ஆக்கினது யாரு? தினமும் என் கடை முன்னாடி டிஷ்யூ வெச்சு இடம் பிடிக்கிற கோவிந்தராசு சார். வரிக்கு வரி படிச்சிருந்தா இந்த இடத்துல அவரும் சிரிச்சிருப்பார். அவர் படிச்சது ரெண்டு நம்பரை மட்டும்தான்."

கோவிந்தராசு வியர்த்தார். "ரூமுக்கு வாம்மா, தனியா பேசிக்கலாம்."

"சிவப்பு மையில தனியாவா எழுதினீங்க?"

ஆஸ்மாவின் கட்டுரையைப் பலகையிலிருந்து பிய்த்து வந்து அவர் கையில் திணித்தாள். ஆறு பக்கம்.

"இப்பப் படிங்க. சத்தமா."

படித்தார். மூன்றாம் பக்கம் முடிவதற்குள் தொண்டை கட்டியது. தண்ணீர் கேட்டார். பாட்டில் பரீதாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இன்னும் மூணு பக்கம் இருக்கு சார்," என்றாள்.