இரண்டில் தொடங்கும் எண்

கார்லீன் அந்த எண்ணைத் தன் தலையிலிருந்துதான் எடுத்துப் போட்டாள். ஸ்கேனர் அதற்கு ஒரு பெயர் காட்டியது.

ஹிப்பிங் ஊரில் அந்தப் பலசரக்குக் கடையில் பதினோரு ஆண்டுகளாக இருப்பு எண்ணுகிறவள் அவள். பார்கோடு அவளுக்கு அத்துபடி. இரண்டில் தொடங்கினால் கடையிலேயே வெட்டி எடைபோட்ட இறைச்சி, அடுத்த ஐந்து இலக்கம் எந்த இறைச்சி என்று சொல்லும், பிறகு எடை, கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று பார்ப்பதற்கு. அதையும் மனக்கணக்காகப் போட்டு எட்டை அழுத்தியிருந்தாள். எண்ணிக்கையில் ஒரு பொட்டலம் குறைந்தது. அது நேராகும்வரை வாசல் கதவைத் திறக்க மாட்டார்கள். மூன்று மணிக்குப் போய் நிற்காவிட்டால் அவளுடைய பழைய புருஷன் இந்த ஞாயிறும் மகளை அனுப்பமாட்டான்.

பொய் எண்ணுக்குப் 'பட்டியலில் இல்லை' என்று வந்திருக்க வேண்டும்; அப்படி வந்தாலும் ஒரு பொட்டலம் கணக்கில் ஏறிவிடும். வந்தது வேறு: 'வெட்டுத்துண்டுகள். இடம்: இறைச்சி அறை. இருப்பு: 0.'

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "டுவேன், சும்மா ஒரு நம்பர் போட்டேன். அதுக்குப் பேரு வருதுய்யா."

மேலாளர் டுவேன் சிரித்தான். "பேரு வெச்சவன் சோறு வைக்கமாட்டானா? நான் இறைச்சி அறையிலதான் நிக்கறேன். தேடி ஸ்கேன் அடிச்சிட்டு வர்றேன். சாவி எங்கிட்ட இருக்கு, ஓடிடாத."

"ஓடறதுக்குத்தான் அந்த நம்பரே போட்டேன். சீக்கிரம் வந்து தொலை, கெழடு."

செலவை மிச்சம்பிடிக்கப் பாதி விளக்குகளை அணைத்திருந்த கடையில், குளிர்பெட்டிகளின் முனகலும் எங்கோ தளர்ந்த தகடு ஒன்றின் கடகடப்பும் மட்டும் கேட்க, பிளீச்சோடு கலந்த பச்சை இறைச்சியின் வாடை, பின்பக்கக் கதவை யாரோ மெல்லத் திறந்துவிட்டதுபோல, மாவு மூட்டைகள் அடுக்கிய வரிசை வழியாக அவளிடம் வந்து சேர்ந்தது.

இறைச்சி அறைப் பக்கம் ஒரு பீப். இருப்பு: 1.

"கெடைச்சிடுச்சா?"

பதிலுக்கு வாக்கி-டாக்கியில் எடை இயந்திரம் பார்கோடு சீட்டு அடிக்கும் சத்தம். மறுபடி பீப். சீட்டு. பீப். இருப்பு: 2. 6. 11. ஒவ்வொரு பீப்புக்கும் முன்னால் ஈரமான, சின்னதொரு சத்தம்.

"டுவேன், விளையாடாத. டுவேன்!"

எண்ணை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

'நீக்க முடியாது. இருப்பு உள்ளது.'

இருப்பு 34-இல் நின்றது. இடம் மாறியது. பால் பகுதி. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்பதாம் வரிசை. பிறகு ஏழு.

அவள் ஐந்தில் இருந்தாள்.

ஓடினாள். வாசல் கண்ணாடி. பூட்டு. வெளியே பட்டப்பகல், வெள்ளைப் பனி, இருபதடியில் அவள் கார். இடது கையால் கண்ணாடியை அறைந்தாள். தெருவில் ஆளில்லை. கூடை ஒன்றைத் தூக்கி அடித்தாள். கீறல்கூட விழவில்லை. இடது கையை மறுபடி கண்ணாடியில் ஊன்றினாள்.

ஸ்கேனர் திரை ஒளிர்ந்தது. இடம்: வாசல்.

திரும்பவில்லை. கண்ணாடியிலேயே தெரிந்தது. டுவேன் நின்றிருந்தான். இமைகளில் சீட்டு. வாயில் சீட்டு. கழுத்தில், தோளில், ஒவ்வொரு விரலிலும். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே வெட்டுப்பட்ட இடைவெளி. இடைவெளிக்குள் பின்னாலிருந்த வரிசை விளக்கு தெரிந்தது. ஆனாலும் நின்றான். கையில் ஸ்கேனர்.

"வேணாம்," என்றாள்.

சிவப்புக் கோடு அவள் முதுகில் ஏறி, தோள் தாண்டி, இடது மணிக்கட்டில் நின்றது.

பீப்.

வலிக்கவில்லை. கையைக் கண்ணாடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

கை கண்ணாடியிலேயே இருந்தது.