சாயங்காலம் வீடு வரும் கைப்பேசி

மூன்று மணிக்கு ரூபினியின் கைப்பேசியில் சசிதரனின் முகம் வந்தது. கூடவே அவனுடைய பூனையின் வாலும் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அன்று அது போனபோது சசிதரன் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றான்.

திலகா டீச்சர் ஆறாம் ஆண்டு மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்திருந்தார். மழை பெய்தால் நம் ஆறு ஏன் தேநீர் நிறமாகிறது என்று வீட்டிலிருந்தே கலந்து பேசி, வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். எந்த வழியில் பேசுவது என்பது குழுத்தலைவரின் விருப்பம். தலைவி ரூபினி, புதுக் கைப்பேசி வாங்கிய சசிதரனுக்காகக் காணொளிச் சந்திப்புக்குத் தலையாட்டியிருந்தாள்.

மூன்றாவது ஆளான புவனேஸ் அன்றும் வரவில்லை. வகுப்பில் கேட்டால், மறந்துவிட்டேன் என்று தரையைப் பார்ப்பாள்.

"அவளுக்கு அக்கறையே இல்லலா. டீச்சர்கிட்ட சொல்லி வேற ஆள் கேப்போம்," என்றான் சசிதரன், ஒருவழியாக வாய் அசைந்ததும்.

ரூபினிக்கு மனம் கேட்கவில்லை. அக்கறை இல்லாத பெண்ணா வகுப்பில் அப்படிக் காது கொடுத்துக் கேட்பாள்? மாலையில் அவள் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்த புவனேஸின் வீட்டுக்கு நடந்தாள்.

அப்போதுதான் புவனேஸின் அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். புவனேஸ் ஓடிப்போய், பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த கைப்பேசியை அம்மாவிடம் வாங்கினாள். ரூபினியைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"வீட்டுக்கே ஒரு போன்தான். வேலை விஷயமா கங்காணி கூப்பிடுவாருன்னு அம்மா மலைக்குக் கொண்டு போயிருவாங்க," என்றாள்.

"ஏன் சொல்லல?"

"ஒருத்திக்காக நீங்க எல்லாத்தையும் மாத்துவீங்களா?"

எந்த வழி வசதி என்று அவளைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று ரூபினிக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது.

மாலையில் சந்திக்கலாம் என்றால் சசிதரனுக்கு டியூஷன். ஆகவே, இனி வாட்சப்பில் குரல்பதிவு போடுவோம், அவரவருக்கு முடிந்த நேரத்தில் கேட்டுப் பதில் சொல்வோம் என்று ரூபினி முடிவு செய்தாள். சசிதரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். குரலில் முகம் தெரியாதே என்பது அவன் கவலை.

"முகத்தத்தான் தினமும் ஸ்கூல்ல பாக்குறோமே. நமக்குப் பேச்சுதானே வேணும்?" என்றாள் ரூபினி.

மறுநாள் மதியம் இருவரும் பதிவு போட்டார்கள். இரவு உணவுக்கு முன் புவனேஸின் குரல் வந்தது. தகரக் கூரைமேல் மழைச் சத்தம், நடுவே அவள்.

"சசி, மலைய வெட்டுறதாலன்னு சொன்ன. எங்க பக்கம் யாரும் வெட்டலையே, இங்கயும் கலங்கித்தானே வருது? ரூபினி, நீ சொன்ன ரோட்டோர மண்ணும் சேருது போல. ரெண்டுமே காரணமா இருக்கலாம்ல?"

ரூபினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை அவளும் சசிதரனும் ஆளுக்கொன்று சொன்னார்களே தவிர, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொன்னதே இல்லை.

பதிவின் கடைசியில் புவனேஸின் அம்மா குரல் கேட்டது. "யாருகிட்டம்மா பேசுற?"

"என் குரூப்புகிட்டம்மா."

அந்த இடத்தை ரூபினி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் காலையில் சசிதரனின் பதிவு வந்தது. "புவனேஸ், நீ சொன்னது பாதி சரிலா. ஆனா..." என்று தொடங்கி மூச்சு விடாமல் வாதாடியிருந்தான். பள்ளிக்கு வந்ததும் புவனேஸிடமே அதைச் சொல்லப் போனான். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேரில் சொல்லக்கூடாதாம், பதிவில்தான் கேட்பாளாம்.

வேறு ஆள் கேட்கும் பேச்சையே சசிதரன் மறந்துபோனான்.

"அவ பதில் எப்ப வரும்?" என்று ரூபினியை நச்சரித்தான்.

"போன் மலையிலேருந்து இறங்கட்டும்லா," என்றாள் ரூபினி.